தும்பிக்கை திரும்பிய பக்கம்

மரம் அறுக்கிற மரக்காலையில் வேலை செய்கிறவனுக்குத் துண்டுப் பலகைக்குக் குறைவில்லை. அறுத்து மிஞ்சியதை முதலாளி விறகுக்கு என்று ஒதுக்குவார். அதில் நல்லதாகப் பொறுக்கி, சைக்கிள் கரியரில் கட்டி, பூவரசங்குளத்துக்குக் கொண்டு வந்துவிடுவேன். என்ன செய்வதற்கு என்று மனைவி கேட்பாள். எனக்கே தெரியாது.

ஒரு நாள் போனில் ஒரு வீடியோ வந்தது. கடதாசியில் அச்சடித்த படத்தை ஒருவர் மரத்துக்கு மாற்றுகிறார். முகம் தெரியவில்லை, பேச்சும் விளங்கவில்லை. இரண்டு கைகள் மட்டும்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது போதும். பலகையில் வெள்ளைப் பசை பூசினார். படத்தை முகம் கீழாக ஒட்டிக் காயவிட்டார். பிறகு ஈரத்துணியால் நனைத்து விரலால் தேய்த்தார். கடதாசி உருண்டு உருண்டு கழன்று போனது, படம் மரத்திலேயே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. அன்று முழுக்க அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நல்ல படத்துக்கு நல்ல மரம் வேண்டும் என்று முதலில் கருங்காலியை எடுத்தேன். ஒரு தாமரைப்பூவை ஒட்டித் தேய்த்தால், கறுத்த மரம் பூவை விழுங்கிவிட்டது. மஞ்சள் நிறமான பலாவில்தான் படம் பளிச்சென்று வந்தது. அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கிளி, மயில், மனைவியின் தேசிய அடையாள அட்டைப் படம்கூட மரத்துக்கு ஏறியது. அதை மட்டும் அவள் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய அக்காவின் புது வீட்டுக் குடிபூரல் வந்தது. பல வருடம் தகரக் கொட்டிலில் இருந்தவர்கள், கல்வீடு கட்டி முடித்திருந்தார்கள். எல்லோரும் சுவர் மணிக்கூடு கொடுப்பார்கள். மனைவி அக்காவிடம் போய், முன்வாசலுக்கு மேலே மாட்ட இவர் செய்கிற பிள்ளையார் வருகிறார், வேறு படம் வாங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அக்காவின் புருசன், அத்தான், ஆணியும் அடித்துவிட்டாராம். விசேஷ வீடுகளில் நான் பின்பக்கம் சோத்துக் கிடாரம் தூக்குகிறவன். ஆட்கள் வந்து கதை கொடுத்தால் தண்ணி அள்ளப் போய்விடுவேன். நான் செய்த ஒன்றை எல்லோரும் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்.

கலண்டர் படம் ஒன்றை வவுனியாவில் கலர் கொப்பி எடுத்து, குளித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். படம் ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. குடிபூரலுக்கு முதல்நாள் காலை மனைவிக்குக் காட்டினேன். அவள் கும்பிடக் கையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இது வலம்புரியெல்லே?"

பார்த்தேன். கலண்டரில் தும்பிக்கை பிள்ளையாரின் இடப்பக்கம் வளைந்திருந்தது. பலகையில் வலப்பக்கம். பலகையை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். கண்ணாடிக்குள் தும்பிக்கை சரியான பக்கம் நின்றது. அப்போதுதான் விளங்கியது. முகம் கீழாக ஒட்டினால் எல்லாமே பக்கம் மாறும். கிளியும் மயிலும் எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கென்ன. பிள்ளையாருக்கு அப்படியில்லை.

"வலம்புரி வைச்ச வீட்டிலை மச்சம் மாமிசம் புழங்கேலாது. அத்தான் ஒவ்வொரு நாளும் மீன்பெட்டியோடை அந்த வாசலாலைதானே போகவேணும்?"

அத்தான் முல்லைத்தீவிலிருந்து மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவர். சீவி அழிக்கலாம் என்றால், பிள்ளையாரின் முகத்தில் சீவுளி வைக்க எனக்குக் கை வராது. நல்ல காலம், அதே பலாப்பலகையின் மற்றப் பாதி இருந்தது. படத்தைப் பக்கம் மாற்றி அச்சடித்தால் போதும். கலண்டரை எடுத்து, வலம்புரிப் பலகையைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கலர் கொப்பி எடுத்த கடையில் நல்ல சனம். கொம்பியூட்டரில் இருந்த பிள்ளையிடம், படத்தைப் பிரட்டிப் போடச் சொன்னேன். அவள் பிரட்டினாள். பிள்ளையார் தலைகீழாக நின்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்படியில்லை, தும்பிக்கை மற்றப் பக்கம் போகவேண்டும் என்றேன்.

"எந்தப் பக்கம் அண்ணை? எங்கடை இடப்பக்கமோ, பிள்ளையாற்றை இடப்பக்கமோ?"

வேறு நாளென்றால் பிறகு வருகிறேன் என்று திரும்பியிருப்பேன். ஆனால் அந்த ஆணி ஞாபகம் வந்தது. துவாயை அவிழ்த்துப் பலகையை மேசையில் வைத்தேன். என் வலக்கையை மூக்கில் வைத்து, வலப்பக்கமாக வளைத்துக் காட்டினேன்.

"கடதாசியிலை இப்பிடிப் பிழையா இருக்கவேணும் தங்கச்சி. அப்பதான் மரத்திலை சரியா வரும்."

வரிசையில் நின்றவர்களும் கையை மூக்கில் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் ஒரு தட்டுத் தட்டினாள். பிள்ளையார் திரும்பினார். ஓம் என்று நான் சொல்வதற்கு முன்னமே கடையே ஓம் என்றது. வெளியே வந்தபோது வேர்வையில் சேட் நனைந்திருந்தது. ஆனால் ஓடவேண்டும்போல ஒரு சந்தோசம்.

புதுப் படம் ஒட்டிய மற்றப் பலகை பின்னேர வெயில் முழுக்கக் கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் காய்ந்தது. விடிய எழும்பித் தேய்த்தேன். முதலில் காது வந்தது, பிறகு கண், பிறகு தும்பிக்கை. மனைவி பக்கத்தில் குந்தியிருந்து தன் கையை மூக்கில் வைத்துச் சரிபார்த்தாள். இடப்பக்கம். மேலே தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவ, ஒட்டியிருந்த கடதாசித் தூளின் வெண்புகார் விலகி நிறமெல்லாம் எழும்பியது.

நல்ல நேரத்துக்குப் பிள்ளையார் ஆணியில் ஏறினார். நான் கிடாரத்துக்குப் போக வெளிக்கிட்டேன். அதற்குள் அவர்களுடைய பக்கத்து வீட்டு அம்மா அண்ணாந்து பார்த்தபடி, இதை ஆர் செய்தது என்று கேட்டா. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் செய்தனான்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அந்த அம்மா சைவம் மட்டும் சாப்பிடுகிறவ, நாளாந்தம் பூசை செய்கிறவ. இன்னும் கிட்ட வந்து நின்றா.

"தம்பி, எனக்கு வலம்புரியாய் ஒண்டு செய்து தருவியளோ? தேடாத இடமில்லை."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செய்யத் தேவையில்லை அம்மா. வீட்டிலை இருக்கிறார். இப்ப கூட்டிக்கொண்டு வாறன்."

பந்தியில் எனக்கு இலை போட்டாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அத்தான் கூப்பிட்டார். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.