வாசலுக்கு வெளியே ஒரு கும்பிடு

ஓய்வு பெற்றபின் லிட்டில் இந்தியா கோயில் ஒன்றில் அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் தொண்டு செய்கிறேன். சாத்திர முறைகளில் சந்தேகம் வந்தால் அர்ச்சகரே என்னிடம் கேட்பார். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஒரு மாலை, திருநெல்வேலியிலிருந்து இங்கே படிக்க வந்த மாணவன் வாசலுக்கு வெளியே தயங்கி நின்றான்.

"அங்கிள், அப்பா போன வாரமே தவறிட்டாங்க. பரீட்சை முடியட்டும்னு எனக்கு நேத்துதான் சொன்னாங்க. உள்ள வந்து சாமி கும்பிடலாமா?"

"தீட்டுப்பா. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்," என்றேன்.

"அப்பா முகத்தையும் பாக்கல. இங்கயும் வரக்கூடாதுன்னா நான் எங்க போறது?"

கையிலிருந்த சீட்டுக் கட்டை மேசையில் வைத்தேன். வெளியே போய் அவன் தோளை அணைத்துக்கொண்டேன். அவன் வாய்விட்டு அழுதான்.

உடன் தொண்டு செய்யும் செல்வி எட்டிப் பார்த்தார். "அண்ணே, தொட்டுட்டீங்க. இனி குளிக்காம உள்ள வர முடியாதுலா."

"எனக்கே சொல்றியாம்மா? சீட்டை நீ கொடு."

நடைபாதையில் நின்று, கோபுரத்தைப் பார்த்து இருவரும் கும்பிட்டோம்.

முறைகளை இன்றும் மதிக்கிறேன். ஆனால் ஒருவரை வெளியே நிறுத்த வேண்டி வந்தால், நானும் போய் அவரோடு நிற்கிறேன்.