ஒன்று விழுந்த ஞாயிறு

லோகேஸ்வரன் பகடையைத் தே தாரிக் தேநீர் வரும் தட்டில்தான் உருட்டுவார். மலேசியாவின் உலு திராம் ஊரில், மாமாக் சாப்பாட்டுக் கடையின் மூலை மேசைக்கு ஒரு கால் குட்டை. தட்டு இல்லாவிட்டால் அந்த இருபது முகப் பகடை உருண்டு தரைக்குப் போய்விடும்.

ஞாயிறு காலைகளில் நான்கு நண்பர்கள் அவரைச் சுற்றி அமர்வார்கள். ஏழாற்று நாடு அவருடைய கற்பனை. அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக அவர்கள் நுழைவார்கள். குகைக்குள் போவதா, பூதத்தோடு பேசுவதா என்பது அவர்கள் முடிவு. பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். நடந்ததையெல்லாம் அவர் நாவலாக எழுதிவருகிறார். பதினொரு நோட்டுகள் நிரம்பிவிட்டன. "விழுந்தத எழுதணும். எழுதுறவனுக்கு ஓரவஞ்சன கூடாது லா" என்பார். அவருடைய அரசனே ஒருமுறை சேற்றில் வழுக்கி விழுந்து செத்தான். இரண்டு நாள் இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் எழுதினார்.

வீட்டின் முதல் பட்டதாரி. தொழிற்சாலையில் குளிர்சாதனப் பாகங்களில் கீறல் தேடும் வேலை. இதற்கா படித்தோம் என்று வாரநாளெல்லாம் தன்னையே கேட்டுக்கொள்வார். ஞாயிறு மட்டும் அந்தக் கேள்வி வராது.

போன ஞாயிறு, அறுந்துகொண்டிருந்த பாலத்தின் கயிற்றைப் பிடித்து நின்று மற்றவர்களைக் கடக்க விட்டாள் வைத்தியச்சி பொன்னி. அவள், நால்வரில் ஒருத்தியான மருத்துவமனைத் தாதி வாசுகியின் பாத்திரம். வாசுகிதான் உருட்டினாள். ஒன்று. ஒன்று விழுந்தால் தப்ப வழியில்லை. ஆற்று வெள்ளம் பொன்னியைக் கொண்டுபோனது.

இந்த வாரம் அவர் நீட்டிய நோட்டில் பொன்னி ஒரு வேரைப் பற்றிக் கரையேறியிருந்தாள்.

"அண்ணே, ஒன்னுதானே விழுந்துச்சு?" என்றாள் வாசுகி.

"மேசை ஆடுச்சும்மா. அதான்."

"அலமாக்! மூனு வருஷமா ஆடுது. உங்க ராஜா செத்தப்பவும்தான் ஆடுச்சு."

"படிக்கிறவங்களுக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமே." வாசுகி நோட்டை மூடினாள். "அவ கயித்த விடல, மூனு பேரு தாண்டினாங்க. இப்ப வேர புடிச்சி ஏறிட்டான்னா, அவ என்னாத்த குடுத்தா? இப்படியே விட்டீங்கன்னா அடுத்த வாரம் நான் வரல."

லோகேஸ்வரன் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். தே தாரிக்கில் ஆடை படிந்தது. பிறகு பொன்னி கரையேறிய மூன்று தாள்களையும் கிழித்தார். நான்காக மடித்து, குனிந்து, மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். நிமிர்ந்து இரு கைகளாலும் மேசையை அழுத்திப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.