கூட்டத்தைப் பார்த்த சந்திரம்மா

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சந்திரம்மாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால் பாக்கெட் வாங்கினால் எங்கேயாவது ஊசித்துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவரை நிற்கவைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். கிறிஸ்மஸுக்கு நான் கேக் கொடுத்தாலும், "இன்னாக்கா, பிராந்தி கிராந்தி ஊத்தலியே?" என்று படிக்கட்டிலேயே விசாரணை நடக்கும். வீட்டு ஓனர் என்ற மரியாதையெல்லாம் பெங்களூர் விவேக் நகரில் எனக்கு அவளிடம் மட்டும் கிடைத்ததில்லை.

அவள் வேலையும் அப்படி அமைந்துவிட்டது. செக்யூரிட்டி. கிரிக்கெட் மேட்ச், பாட்டுக் கச்சேரி, கம்பெனி விழா, எங்கே கூட்டமோ அங்கே துணித் தடுப்புக்குள் நின்று பெண்களைச் சோதிப்பாள். சோதனை முடிந்ததும் உள்ளே போய் மேடைக்குக் கீழேயோ மைதான ஓரத்திலோ நிற்க வேண்டும். அதுவும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி. அதுதான் விதி. வருஷக்கணக்காக அந்த வேலையில் இருக்கிறாள், ஒரு பந்துகூடப் பார்த்ததில்லை. சிக்ஸர் போனதா, ஆள் அவுட்டா என்பதையெல்லாம் ஜனங்களின் முகத்தில் பார்த்தே சொல்லிவிடுவாள். எத்தனை பெரிய பாடகர் வந்தாலும் அவளைப் பொறுத்தவரை முதுகுக்குப் பின்னால் வரும் சத்தம்தான்.

"மேடைல இன்னா நடக்குதுன்னு மேடைய பாத்தா தெரியாதுக்கா. பாக்குறவன் கண்ணுல பாத்தா தெரிஞ்சிடும். அது நல்ல ஆட்டமா, கெட்ட ஆட்டமா, எல்லாம்" என்பாள்.

கணவர் முனியப்பன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே பெண் சங்கமித்ராவை இந்தக் கண்ணோடுதான் வளர்த்தாள். பெண்ணோ, கோரமங்களாவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை பார்த்துக்கொண்டே, ஆஸ்டின் டவுனில் டிரேவர் என்பவரிடம் டான்ஸ் கற்றுக்கொண்டாள். பரதம் இல்லை, சினிமா டான்ஸும் இல்லை. பாலே, ஜாஸ். கால் விரல் நுனியில் நிற்பதற்கு ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்று எனக்கே புரியவில்லை. சந்திரம்மாவுக்கு வேறு கவலை. அறுபதை நெருங்கும் டிரேவர் தலைமுடியைப் பின்னால் குடுமி போட்டுக் கட்டியிருந்தார். குடுமி வைத்த கிழவன் எதற்குச் சின்னப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறான்?

வெளிநாட்டு நாடகக் கம்பெனி ஒன்று பெங்களூருக்கு வந்தபோது விஷயம் முற்றிவிட்டது. பாட்டும் ஆட்டமுமாக ஒரு பெரிய நாடகம். போகிற ஊரிலெல்லாம் கூட்டத்தோடு ஆட உள்ளூர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொள்வார்களாம். சங்கமித்ராவுக்கும் இடம் கிடைத்தது. மறுநாளே சந்திரம்மா மொட்டை மாடிக் கொடியிலிருந்து எதையோ இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். தோல் நிறத்தில் நீளமான காலுறை.

"பாருக்கா. இத போட்டா போட்ட மாதிரியே தெரியாது. போடாத மாதிரி தெரியறதுக்கு எதுக்கு ஒரு துணி?"

எல்லா நாட்டிலும் பாலே ஆடுபவர்கள் போடுவதுதான் என்று சங்கமித்ரா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். அவள் அம்மா அதை மடித்து வைக்காமல் சுருட்டி வைத்தாள்.

அதற்கு மேல் வந்தது பெரிய இடி. சங்கமித்ரா தங்களோடு மும்பைக்கும், அங்கிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வரட்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். டிரேவரே வீட்டுக்கு வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கடைசி ஆட்டம் முடிந்ததும் சாமான்களை லாரியில் ஏற்றுவார்கள், அதற்குள் பதில் வேண்டும் என்றார். சந்திரம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"துபாய்க்கு கூட்டிட்டுப் போறேன்னு சொல்ற எவன்க்கா நல்லவன்?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்ணோ சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் சந்திரம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிறு மத்தியான ஆட்டத்துக்கு வருவாள். கூட்டம் தன் பெண்ணை எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்று பார்ப்பாள். ஒருவன் கண் தப்பாக இருந்தாலும் சங்கமித்ரா திங்கட்கிழமையிலிருந்து பல் ஆஸ்பத்திரியோடு சரி.

"இன்டர்வெல்லுக்கு முன்னாடி ஒரு இடம் வரும்மா. அப்ப மட்டும் கண்ண எடுக்காம மேடைய பாரு" என்று சங்கமித்ரா கெஞ்சிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் சந்திரம்மா என் பக்கம் திரும்பினாள். "அந்த நேரத்துல மட்டும் ஏன் மேடைய பாக்கச் சொல்றா? அப்ப கூட்டத்துல ஏதோ நடக்கப்போவுது. நான் பாத்துடக் கூடாதுன்னு சொல்றா."

இந்த மூளையை வைத்துக்கொண்டு இவள் போலீஸில் சேர்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் கொடுத்த பாஸில் இரண்டு பேர் போகலாம் என்பதால் நானும் கிளம்பினேன். வைட்ஃபீல்டு பக்கம் புதிதாகக் கட்டிய பெரிய அரங்கம். வாசலில் ஒரு செக்யூரிட்டிப் பெண் எங்கள் பையைத் தொட்டதும் தொடாததுமாக உள்ளே விட்டாள். "இதான் செக்கிங்கா? டிபன் பாக்ஸ திறக்கலியே நீ?" என்று சந்திரம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

எங்களுக்குக் கிடைத்தது முன்பக்கச் சுவரோர இடம். பாதி மேடைதான் தெரியும். சந்திரம்மாவுக்கு அதில் பரம திருப்தி. பஸ்ஸில் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து உட்காருவதுபோல் சுவரில் சாய்ந்து, மொத்தக் கூட்டத்தையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

நாடகத்தில் ஒரு துறைமுக ஊர். தெருவின் ஒரு பக்கம் பாலே பள்ளிக்கூடம், எதிர்ப்பக்கம் ஜாஸ் வாசிக்கும் சாராயக்கடை. இங்கே வெள்ளை உடையில் பெண்கள் பூப்போல நுனிக்காலில் நிற்பார்கள். அங்கே டிரம்பெட் அலறும், ஆட்கள் முட்டியை மடக்கி இடுப்பை ஒடித்து ஆடுவார்கள். எங்கள் தெருவில் சாவுக்கு வாசிக்கும் டிரம்பெட் இப்படியும் குதிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இங்கிலீஷ் பாட்டு பாதிதான் புரிந்தது. ஆனால் கால் தானாகத் தாளம் போட்டது, சும்மா சொல்லக்கூடாது.

கூட்டமும் அப்படித்தான் இருந்தது. பாலே வந்தால் கோயிலில் இருப்பதுபோல அமைதி, இருமல் சத்தம்கூட இல்லை. ஜாஸ் வந்தால் தாளம் தப்பித் தப்பிக் கைதட்டல். பின்வரிசையில் ஒருவர் மனைவிக்குக் கன்னடத்தில் கதை சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு சின்னப் பெண் நாற்காலியில் ஏறி நுனிக்காலில் நிற்கப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கினாள்.

சந்திரம்மா என் காதில் ஓயாமல் முணுமுணுத்தாள். "அந்த நீலச் சட்டை போன்ல ஜூம் பண்றான்." "இவன் பொண்டாட்டி பக்கத்துல இருக்கிறப்பவே வாயப் பொளக்கிறான்." கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒரே ஆள் மாட்டிக்கொண்டான். மூன்றாவது வரிசை ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவர். கட்டம்போட்ட சட்டை, நடு வயது. பெண்கள் கூட்டமாக வரும்போதெல்லாம் நாற்காலி நுனிக்கு வருவார், அவர்கள் உள்ளே போனதும் சாய்ந்துவிடுவார்.

"தனியா வந்திருக்கான் பாருக்கா. பொம்பளப் பசங்க வந்தாதான் அவனுக்கு உசுரு வருது."

நான் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான்.

அப்போதுதான் மேடையில் வாத்தியங்களெல்லாம் நின்றன. பாலே பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒருத்தி மட்டும் ஜன்னலோரம் நின்றாள். எதிர்க்கடையிலிருந்து ஒற்றை டிரம்பெட் மெதுவாகக் கேட்டது. அவள் நுனிக்காலிலிருந்து இறங்கினாள். முட்டி மடங்கியது, தோள் அசைந்தது. பயந்துகொண்டே ஆடத் தொடங்கியவள் பிறகு பயமில்லாமல் ஆடினாள். பாலேயும் ஜாஸும் ஒரே உடம்பில் சண்டை போட்டுச் சமாதானம் ஆவதுபோல இருந்தது. அத்தனை பெரிய மேடையில் அவள் ஒருத்தி மட்டும். பொய்முடியும் பூச்சும் தாண்டி எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது எங்கள் சங்கமித்ரா.

"சந்திரா, பாரு! நம்ம பொண்ணு!" என்று பக்கத்தில் கையைப் போட்டேன். நாற்காலி காலியாக இருந்தது.

அவள் மூன்றாவது வரிசை ஓரத்தில், அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முதுகு மேடைக்கு. கண் அவர் முகத்தில். வேலையில் நிற்கிற அதே நிலை.

இன்டர்வெல் விளக்கு போட்டதும் கைதட்டல் காதைப் பிளந்தது. நான் தட்டுவதைப் பாதியில் விட்டு ஓடினேன். சந்திரம்மா அதற்குள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா சார், பொம்பளப் பசங்கள பாத்து கண்ண தொடச்சிக்கினு இருக்கீங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே கண்ணீர்தான். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் வேலை, தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர் என்று சொன்னார். "அந்தக் கூட்டத்துல என் பொண்ணு இளவேனில் ஆடுறாம்மா. இடது பக்கம் கடைசி. இப்ப தனியா ஒரு பொண்ணு ஆடுச்சே, அது அவ சிநேகிதி. ஆட வேண்டிய வெளிநாட்டுப் பொண்ணுக்குக் கால் பிசகிடுச்சாம், அதான் இதுக்கு வந்துச்சு. யார் பெத்த புள்ளையோ, மனச உருக்கிடுச்சு. உங்க பொண்ணும் இருக்காளா? எங்க நின்னா?"

சந்திரம்மா அப்போதுதான் திரும்பிக் காலி மேடையைப் பார்த்தாள்.

"இவங்க பெத்த புள்ளதான் அது" என்று நான் சொன்னேன். அவர் எழுந்து சந்திரம்மாவைக் கும்பிட்டார். அவளுக்குத் திரும்பிக் கும்பிடக்கூடக் கை வரவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

இரண்டாம் பாதியில் அவள் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே பொய்முடி, ஒரே உடை. "எது நம்ம பொண்ணுக்கா? அதா? இல்ல, அதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. தனியாட்டம் திரும்ப வரவில்லை. பெங்களூரில் அதுவே கடைசி ஆட்டம்.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் லாரி நின்றது. முகப் பூச்சு சரியாகத் துடைக்காமலே சங்கமித்ரா ஓடிவந்தாள்.

"பாத்தியாம்மா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க."

"அவங்கள விடு. இன்டர்வெல்லுக்கு முன்னாடி ஜன்னல்கிட்ட நான் இன்னா பண்ணேன், சொல்லு?"

சந்திரம்மா என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே லாரியைப் பார்த்தேன்.

"பாக்கலடி" என்றாள். "உன்ன ஒருத்திய தவிர எல்லாரையும் பாத்தேன்."

பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "அம்மா, அப்ப எத பாத்துட்டு என்னப் போக வேணாம்னு சொல்லப்போற?" என்று மட்டும் கேட்டாள். டிரேவர் தூரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கிட்டே வரவில்லை. அந்த மனிதருக்கும் பயம் இருக்குமல்லவா?

"இங்க ஆடு" என்றாள் சந்திரம்மா.

"இங்கயா? ஷூவெல்லாம் லாரில ஏத்திட்டாங்க. மியூசிக் வேற இல்ல."

"இல்லாட்டி பரவாயில்ல. ஆடு. எனக்குப் பாக்கணும்."

சங்கமித்ரா செருப்பைக் கழற்றினாள். இரண்டு கார்களுக்கு நடுவே சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்றாள். வாயாலேயே டிரம்பெட்டை முனகிக்கொண்டு ஆடினாள். அங்கே பார்த்த அளவு அழகில்லை. இடமில்லாமல் ஒருதரம் கார்க் கண்ணாடியில் முழங்கை இடித்துக்கொண்டாள். நடுவில் அழுகையும் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

எங்கள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர், இருவர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். யாரோ, "ஏனு இது? சென்னாகிதே!" என்று கன்னடத்தில் மெச்சினார்கள். ஆண் குரல்கள். நான் திரும்பிப் பார்த்தேன், கேன்டீன் ஆட்களும் டிரைவர்களும். சந்திரம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் பாய்ந்தால் பிடிக்க நான் கையைத் தயாராக வைத்திருந்தேன்.

"யாருக்கா பின்னாடி?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நாலஞ்சு ஆம்பளைங்க. நின்னு பாக்குறாங்க."

"பாத்தா பாக்கட்டும்" என்றாள் சந்திரம்மா. பெண்ணின் கால்களை விட்டு அவள் கண் நகரவே இல்லை.