மல்லிகைத் தொட்டியை எடைபோட்ட கோடை

முழங்கால் மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் என் கணவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “செடிக்குத் தண்ணி ஊத்துனியா?” என்பதுதான். டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள்.

“எதிர்வீட்டு அக்காகிட்ட சாவி குடுத்துட்டு வந்திருக்கேன். நீங்க பேசாமப் படுங்க.”

“அவ குழாயைத் திறந்து விட்டுட்டு டிவி பாக்கப் போயிருவா. எல்லாம் அழுகிப்போகும்.”

அப்படித்தான் ஆகியிருந்தது. வீடு திரும்பியபோது எங்கள் மொட்டைமாடி குளமாகக் கிடந்தது. அக்காவைக் குறை சொல்ல முடியாது. தன் வீட்டு வேலைக்கு நடுவே ஓடிவந்து ஊற்றியிருக்கிறாள், பாவம்.

நாங்கள் மாப்பிள்ளையூரணிப் பக்கம் குடியிருக்கிறோம். அவர் சாயர்புரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்குத் துறைமுகத்தில் வேலை, கன்டெய்னர் தூக்கும் கிரேன்களின் மின்சாரப் பராமரிப்புப் பிரிவில். கல்யாணமான நாளிலிருந்து செடிகள் அவருடைய ராஜ்யம். பள்ளி விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவார். இந்த ஊரில் செடி வளர்ப்பது லேசான காரியமில்லை. காற்றில் உப்பு, போர் தண்ணீரில் உப்பு. அதற்கு நடுவே அவர் மல்லிகை, ரோஜா, கத்தரி, வெண்டை, தக்காளி, கறிவேப்பிலை என்று ஒரு கூட்டத்தையே வளர்த்து வைத்திருந்தார். நான் துணி காயப்போட மேலே போவேன். பூ இருந்தால் பறிப்பேன். அதோடு சரி.

சில மாதங்களுக்கு மாடிப்படி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்த அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. வீட்டுக்கு வந்தும் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அந்தக் கூரைக்கு மேலேதான் அவருடைய தொட்டிகள் இருந்தன. என்னாலும் தினமும் நேரத்துக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. என் ஷிஃப்ட் ஒரு வாரம் காலையில் இருக்கும், மறுவாரம் சாயங்காலத்துக்கு மாறும்.

“நான் ஒரு ஏற்பாடு பண்ணுதேன். தானாத் தண்ணி ஊத்தும். எந்தச் செடி எப்படி இருக்குன்னு போன்லயே பாக்கலாம்” என்றேன்.

“செடிக்குத் தாகமா இல்லையான்னு அதுக்கு எப்படிளா தெரியும்?”

“மண்ணுல ஒரு சென்சார் குத்தி வைப்பேன். அதுல ரெண்டு கம்பி இருக்கும். மண்ணு ஈரமா இருந்தா ஒரு கம்பியில இருந்து அடுத்த கம்பிக்குக் கரண்ட் நல்லாப் போகும். காய்ஞ்சா போகாது. போகலைன்னா மோட்டார் ஓடும்.”

“செடிக்கு ஷாக் அடிக்காதா?”

“டிவி ரிமோட்ல இருக்குத அளவு கரண்ட்தான். அதைத் தினமும் கையில பிடிச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருக்கீங்க?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

சாமான்கள் சேர்ப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. சின்ன மோட்டார், சொட்டுநீர்க் குழாய், மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகள், வைஃபையோடு வருகிற உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டு. கஷ்டமெல்லாம் செடிகளைப் புரிந்துகொள்வதில்தான். எல்லாவற்றுக்கும் ஒரே குழாய், ஒரே அளவு தண்ணீர் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். படுக்கையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் பதறிப்போனார்.

“ஏளா, ரோஜாவும் வெண்டையும் ஒண்ணா? ரோஜாவுக்குக் காலு ஈரமாவே இருந்தா வேரு அழுகிரும். வெண்டை குடிச்சுக்கிட்டே இருக்கும். கறிவேப்பிலையை மறந்துட்டாக்கூடப் பாதகமில்ல, அது கோவிச்சுக்காது.”

அப்படி ஒவ்வொரு செடியின் குணத்தையும் சொல்லிக்கொண்டே போனார். மருமக்களைப் பற்றிப் பேசுகிற மாமனார் மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அதிகம் குடிப்பவை, அளவாகக் குடிப்பவை, கொஞ்சமாகக் குடிப்பவை என்று மூன்று வரிசையாகத் தொட்டிகளை நகர்த்தி, வரிசைக்கு ஒரு குழாயும் வால்வும் வைத்தேன். குழாய் அடைத்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கேமராவையும் கம்பியில் கட்டினேன்.

அந்தக் கேமரா மறுநாளே அவர் சொத்தாகிவிட்டது. நான் கிரேன் மேலே, பேனலைத் திறந்து போட்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். போன் அடிக்கும்.

“வேலையா இருக்கியா?”

“கிரேன் மேல நிக்கேன். என்ன?”

“ஒண்ணுமில்ல. நடுவுல நிக்குத தக்காளி மறையுது. சாயங்காலம் வந்து கேமராவைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி வச்சிரு.”

இதற்காகவா என்று கோபம் வரும். மேலிருந்து பார்த்தால் கடல் பளபளவென்று விரிந்து கிடக்கும். அந்த மனிதர் அறைக்குள் படுத்துக்கொண்டு ஒரு தக்காளிக்காகக் கவலைப்படுவதை நினைத்ததும் கோபம் போய்விடும்.

முதல் சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு வெயில் ஏறியது. கார்ப்பரேஷன் தண்ணீர் வருவது குறைந்தது. சம்ப்பில் இருக்கும் நல்ல தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொண்டு, செடிகளுக்குப் போர் தண்ணீரைக் கலந்து கொடுப்பது என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். அவருக்கு அரை மனதுதான். “பாதிக்குப் பாதி கலந்து குடு. பாப்போம்” என்றார்.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“மல்லிகை வாடி நிக்குது.”

நான் போனைப் பார்த்தேன். மல்லிகைக்கு நேரே பச்சை விளக்கு. ஈரம் போதுமான அளவு இருக்கிறது என்று காட்டியது.

“இல்லையே, ஈரமாத்தானே இருக்கு?”

“போன்ல ஈரமா இருக்கு. இலையைப் பாரு, தொங்கிப்போய்க் கெடக்கு.”

“வெயில்ல அப்படித்தான் தொங்கும். சாயங்காலம் நிமிந்திரும்.”

“இப்பம் சாயங்காலந்தான்.”

நேரே மாடிக்குப் போனேன். மல்லிகைத் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தால் மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மற்ற தொட்டிகளும் பெரும்பாலும் அதே கதிதான். சென்சார் மட்டும் எல்லாம் ஈரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினேன். கம்பியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

எனக்கு உடனே புரிந்தது. உப்பு சேர்ந்த மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே மின்சாரம் தாராளமாகப் பாயும். சென்சாருக்கு உப்பையும் ஈரத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கீழே வந்து சொன்னேன். அவர் என்மேல் குறை சொல்வார் என்று நினைத்தேன். அவரோ ஆர்வமாக எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்பம் உப்பளத்துல இதைக் குத்தி வச்சா, எந்நேரமும் மழை பேஞ்ச மாதிரியே காட்டுமோ?”

“காட்டும்.”

“நல்ல கருவி” என்று சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் செடிகளைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினோம். மண்ணில் சேர்ந்த உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி இறக்க வேண்டும். சமையலுக்கு வைத்திருந்ததில் பாதியை வாளி வாளியாக நான் மேலே தூக்கினேன். அவர் கீழே படுக்கையில் இருந்தபடி வீடியோ காலில் உத்தரவு போட்டார்.

“மெதுவா ஊத்து. தொட்டிக்கு அடியில ஓட்டை வழியா வடியுதா? வடியட்டும். நிறுத்தாத.”

“எனக்கு இடுப்பு ஒடியுது.”

“கொஞ்ச நேரம் உக்காந்துக்கோளா. செடி எங்கயும் ஓடிராது.”

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். நாளும் அவர் இப்படித்தான் வாளி தூக்கியிருக்கிறார். மாடிக் குழாயில் போர் தண்ணீர்தான் வரும் என்பதால் சம்ப்பிலிருந்து நல்ல தண்ணீரைத்தான் தூக்கியிருக்கிறார். அந்த முழங்காலுக்கு என்ன வேலை இருந்தது என்று அப்போது உடம்பால் தெரிந்துகொண்டேன்.

உட்கார்ந்தபடியே அவரிடம் கேட்டேன். “சென்சாரும் இல்லாம, தாகமா இருக்குன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“தொட்டியை ஒரு பக்கமாச் சாய்ச்சுத் தூக்கிப் பாப்பேன். லேசா இருந்தா தண்ணி வேணும். கனமா இருந்தா வேண்டாம்.”

நான் போனைத் தரையில் வைத்துவிட்டு மல்லிகைத் தொட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர் “ஏளா? ஏளா?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கிரேன்களில் எடை உணரும் கருவி உண்டு. கன்டெய்னரைத் தூக்கியதுமே எத்தனை டன் என்று ஆபரேட்டருக்குத் திரையில் தெரியும். அந்தக் கருவி பழுதானால் போய்ப் பார்க்கிற ஆள் நான்தான். அதே வகையில் சின்னது, கடைத் தராசுக்குள் இருக்குமே, அது தொட்டிக்கு அடியில் இருந்தால் போதும். தண்ணீர் வற்ற வற்றத் தொட்டி லேசாகும். மண்ணில் எவ்வளவு உப்பு இருந்தாலும் எடை பொய் சொல்லாது.

“தூக்கிப் பாக்குத வேலையை மிஷின் செய்யும்” என்று கத்தினேன். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வரிசைக்கு ஒரு தொட்டியைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பலகைகளுக்கு நடுவே எடைக் கருவியை வைத்து, கடல்காற்று அரிக்காதபடி கிரீஸ் பூசி, தொட்டியை அதன்மேல் ஏற்றினேன். போர் தண்ணீரை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீருக்கென்று மாடியில் தனி டிரம் வைத்தேன். சம்ப்பிலிருந்து மோட்டாரே அதில் ஏற்றிவிடும். எடை பார்த்து அளவாகக் கொடுத்ததில் செலவாகிற தண்ணீரும் குறைந்தது. அதனால் அந்தக் கோடையைத் தாண்ட முடிந்தது. வேலையிடத்தில் ஒரு அண்ணாச்சி கேட்டார், “கன்டெய்னரை எடை பாத்த கை, இப்பம் பூந்தொட்டியை எடை பாக்குதாக்கும்?” ஆமாம் என்றேன் பெருமையாக.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பாரா?

“செடி வளருதுல்லா, அந்த எடையை எங்க கழிப்ப? நாளைக்குத் தக்காளி காய்ச்சுத் தொங்கினா அதையும் தண்ணின்னுதானே நினைக்கும்?”

சரியான கேள்வி. நிறையத் தண்ணீர் விட்டு வடிந்த பிறகு நிற்கும் எடையை வாரம் ஒரு தடவை புதிதாகக் குறித்துக்கொள்ளும்படி மாற்றினேன். அந்தக் கணக்கை அவரே போட்டுத் தந்தார். படுத்தே கிடந்தவருக்கு அது நல்ல மருந்தாக இருந்தது.

எங்கள் இருவர் கணக்கிலும் வராத ஒன்று நடந்தது. தினமும் காலை வெயில் ஏறும் நேரத்தில் வெண்டை வரிசையில் எடை திடீரென்று கூடியது. மழை இல்லை. மோட்டாரும் ஓடவில்லை. எடை கூடியதால் மோட்டார் வெண்டைக்குத் தண்ணீர் விட மறுத்தது. நான் கம்பிகளைக் கழற்றி மாட்டினேன், பலகையை மாற்றினேன். ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் அவர்தான் போனில் கூப்பிட்டார். குரலைத் தணித்துப் பேசினார்.

“கண்டுபிடிச்சிட்டேன். பூனை.”

“என்னது?”

“வெண்டைத் தொட்டிக்குள்ள சுருண்டு படுத்திருக்கு. நிழலு இருக்குல்லா. மெதுவாப் பேசு, தூங்குது.”

“நான் துறைமுகத்துல இருந்து பேசினா மாடியில இருக்குத பூனைக்கு எப்படிங்க கேக்கும்?”

விரட்டக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் மண் மட்டும் போட்ட ஒரு காலித் தொட்டியை நிழலில் வைத்தேன். பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடை ஒரே நிமிஷத்தில் அவ்வளவு ஏறினால் அது பூனை, கணக்கில் சேர்க்காதே என்று போர்டுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் எளிதாக இருந்தது.

டாக்டர் படியேறலாம் என்று சொன்ன அன்று மாலையே கிளம்பிவிட்டார். கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால் கையை ஏந்தியபடி வந்தேன். மேலே போனதும் தொட்டி தொட்டியாகப் போய் இலைகளைத் திருப்பிப் பார்த்தார். மல்லிகை புதுத் துளிர் விட்டிருந்தது. சில ரோஜாச் செடிகள் பட்டுப்போயிருந்தன. அந்தத் தொட்டிகளை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொட்டுக் குழாய்களையும் வால்வுகளையும் தடவிப் பார்த்தார்.

“நான் இல்லாம இதுங்க செத்துரும்னு நினைச்சேன்” என்றார்.

“நீங்க எங்க இல்லாமப் போனீங்க? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு போன்.”

அந்த நேரம் பார்த்து மோட்டார் ஓடத் தொடங்கியது. ஒரு குழாய் நழுவித் தண்ணீர் அவர் காலில் பீய்ச்சியது. “ஏலே, பொறுலே!” என்று மோட்டாரைப் பார்த்து அதட்டினார்.

இப்போது ரோஜாவுக்கு அவர் கையால்தான் ஊற்றுகிறார். மற்றதெல்லாம் இயந்திரத்தின் பொறுப்பு. வருகிற சக வாத்தியார்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் விளக்குகிறார். பாதி தப்பு. நான் திருத்துவதில்லை.

போன மழைக்காலத்தில் பயிற்சிக்காக வேறொரு துறைமுகத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு மாலை, தங்கியிருந்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டே போனில் மாடியைத் திறந்து பார்த்தேன். நல்ல மழை. அந்த மழையில் அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பெரிய கத்தரித் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தார். உடனே கூப்பிட்டேன். சட்டைப்பைக்குள் போன் அடித்ததும் தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு எடுத்தார்.

“கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தார். மழைத்தண்ணீர் மூக்கிலிருந்து சொட்டியது.

“அது ஒண்ணும் கனமில்ல. சாப்பிட்டியா? அங்கனயும் மழையா?” என்றார்.