சாத்தச் சொன்ன ஜன்னல்

பழைய மரச்சாமான்களை வீட்டிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் அடிப்பேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா தறி நெய்யுறவங்க. என் தூசி தறியில இருக்குற பட்டு நூல்ல படியுதுன்னு ஒருநாள் சண்டைக்கு வந்தாங்க.

"ஜன்னலைச் சாத்திக்கோங்க" என்றேன். சாத்திட்டாங்க.

அடுத்த வாரம் வீட்டில் யாருமில்லை. தேக்கு பீரோவைச் சாய்த்து, அடியில் தேய்த்துக்கொண்டிருந்தேன். முட்டுக் கொடுத்த கட்டை நழுவி, பீரோ என் கால்மேல் விழுந்தது. அசைக்க முடியவில்லை. போன் சமையல்கட்டில் இருந்தது. கத்திப் பார்த்தேன். அந்தப் பக்கம் தறிச் சத்தம்தான் கேட்டது. சாத்தின ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். தொண்டை கட்டிப்போய், கத்துவதையும் விட்டுவிட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து தறி நின்றது. கொஞ்ச நேரத்தில் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாங்க.

"இன்னாபா, இழை அறுந்துச்சேன்னு தறிய நிறுத்தினேன். எப்பவும் உரசிக்கினு இருப்ப, இன்னிக்கு சத்தத்தையே காணோம். செத்துகித்து பூட்டியான்னு பாக்க வந்தேன்."

"பாதி செத்துட்டேன்க்கா."

புருஷனைக் கூப்பிட்டு, ரெண்டு பேருமாகப் பீரோவைத் தூக்கினாங்க.

நான் கத்தினது அவங்களுக்குக் கேட்கவில்லை. அவங்க திட்டின அந்த வேலையோட சத்தம் நின்றதுதான் கேட்டிருக்கிறது.

இப்போது எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்த் தேய்க்கிறேன். படி ஏறினால் கால் வலிக்கும். அக்கா ஜன்னல் திறந்தே இருக்கிறது.