திங்கட்கிழமை வள்ளங்கள்

திரேஸ்புரம் கரையில் எமில்டா நின்ற இடத்தில் வெறும் மணல்தான் இருந்தது. சுற்றிலும் வெளியூர்க் குடும்பங்கள், செல்போனைப் பார்ப்பதும் மணலைப் பார்ப்பதுமாக நின்றன.

செல்போன் காட்டும் இடத்துக்குப் போய், ஒளித்து வைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டு அது. கணவன் கப்பலில் இருக்க, பேச்சுத்துணை இல்லாத எமில்டாவுக்கு இந்தக் கூட்டம்தான் உலகம். போன வருடம் பாஞ்சாலங்குறிச்சியில் வெயில் தாங்காமல் எல்லோரும் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். இந்த முறையும் சொதப்பினால் இனி மதுரையில்தான் கூடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த முறை எல்லோருக்கும் பிடிக்க வேண்டுமென்று, சனிக்கிழமையே கரையேற்றியிருந்த வள்ளங்களுக்குள் டப்பாக்களை ஒளித்தாள். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் ஞாயிறு மழை கொட்டியது. கூட்டத்தைத் திங்களுக்கு மாற்றியவள், அன்று வள்ளங்கள் கடலுக்குப் போய்விடும் என்பதை மறந்தே போனாள்.

அந்த வள்ளங்களில் ஒன்றில் போயிருந்த அண்ணன் டெரன்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஏளா, கடல்ல வலையப் போட்டுட்டு நிக்கேன். உன் டப்பாவுக்காவ கரைக்கு வரணுமாக்கும்?"

"எல்லாரும் போயிருவாவ அண்ணே."

"மத்தியானம் வாரேன். அதுவரைக்கும் பிடிச்சு வையி."

எமில்டா திரும்பினாள். "டப்பாவெல்லாம் கடலுக்குப் போயிருக்கு. வள்ளம் கரைக்கு வந்ததும் தேடலாம்," என்றாள்.

கூட்டத்தில் நின்ற மதுரைக்காரர் ஒருவர் கார் சாவியை எடுத்தார். அவர் மகள் மட்டும் நகரவில்லை.

"மீனும் வருமா ஆன்ட்டி?"

"வரும்," என்றாள் எமில்டா, அந்தச் சாவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.