முன்பக்கம் அப்படியே இருக்கட்டும்

பிளேடால் டிரேசிங் பேப்பரைச் சுரண்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வறண்ட, மெல்லிய சத்தம்; காய்ந்த இலைமேல் பல்லி ஓடுகிற மாதிரி. வீட்டுக்காரருக்கு மனசு மாறும்போதெல்லாம் மை காய்ந்த ஒரு சுவரைச் சுரண்டி எடுப்போம். கட்டடம் வரையும் தொழிலில் வரைவதைவிட அழிப்பதுதான் அதிகம். பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நகராட்சிப் படி ஏறி இறங்கிக் கால் ஓய்ந்தவர்களே, உங்களுக்காக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சுரண்டியவள் நான்.

கல்லூரியில் கவிதை படித்துவிட்டு, குளியலறை எத்தனை அடி என்று வரைய வந்தேன். எண்பதுகளில், செகந்திராபாத்தில் ராவ் காரு என்ற ஆர்க்கிடெக்டின் அலுவலகம். கணவரை இழந்த மறுவருஷம், ஒரு கேள்வி கேட்காமல் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டவர் அவர். அங்கே எல்லோருக்கும் நான் 'டிராஃப்ட்ஸ்மன் அம்மா'.

ஒரு மாடி லஞ்சம்

அந்தச் சமயத்தில் நகராட்சி ஒரு சலுகை கொண்டுவந்தது. பழைய வீட்டின் தெருவைப் பார்த்த பகுதியை இடிக்காமல் விட்டுவைத்தால், பின்னால் கட்டுகிற ஃபிளாட்டுகளுக்கு ஒரு மாடி கூடுதலாகக் கிடைக்கும். அந்த முன்பகுதிக்கு வீட்டுவரியும் குறையும்.

மாரேட்பள்ளியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். மூத்தவர் சண்முகம், மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் அதிகாரி. இளையவர் மணி, ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அவர்கள் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மனாக இருந்து கட்டிய வீடு. வளைவு வைத்த வராந்தா, வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், தேக்கு உத்தரம் போட்ட உயரமான முன்னறை. எல்லாவற்றையும் தரைமட்டமாக்கத்தான் வந்திருந்தார்கள். ராவ் காரு சலுகையை விளக்கி முடித்ததும் சண்முகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப, இடிக்காம இருக்கறதுக்கு நகராட்சி நமக்கு ஒரு மாடி லஞ்சம் தருதுன்னு சொல்லுங்க."

சாயாக் கமான்

சலுகை என்றதும் ஊரில் இல்லாத பழமையெல்லாம் முளைத்தது. காச்சிகுடாவில் ஒரு சேட், நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல், அப்போதுதான் கட்டி முடித்த வீட்டின் முகப்பில் ஒரு வளைவு வைத்தார்; அந்த ஊரில் அதற்குக் கமான் என்று பெயர். அது பழசாகத் தெரிவதற்காக இரானி ஓட்டலிலிருந்து வாளி வாளியாகச் சாயா வாங்கி அடிக்கச் செய்தார். நல்ல பழுப்பு. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

பார்வையிட வந்தவர் நகராட்சி இன்ஸ்பெக்டர் கௌஸ் சாஹிப். ரயில்வே குடியிருப்பில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். வளைவின் அடியில் போய் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பழுப்பு முழுக்க ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. சேட்டை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, சேட்டுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. பழைய கமானுக்குப் பாசி வரும், ஈ வராது. அடுத்த தடவை சக்கரை நக்கோ, போட வேண்டாம்."

ஒரு கட்டில் போதும்

மாரேட்பள்ளி வீட்டுக்குப் பிளான் வரைந்தாயிற்று. பின்னால் தளத்துக்கு இரண்டாக நான்கு ஃபிளாட்டுகள். அண்ணனுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு. ஆளுக்கு ஒன்றில் குடியிருப்பது, ஒன்றை வாடகைக்கு விடுவது. முன்னறையில் 'ஸ்டோர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

அதைப் பார்க்க வந்தபோது கூடவே ஒரு பெண்ணும் வந்தார். அவர்களுக்கு நடுவில் பிறந்த தனம். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். அப்பா படுக்கையில் விழுந்து, போய்ச் சேரும்வரை அந்த முன்னறையில் அவருக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக் கிடந்து பார்த்துக்கொண்டவர். பிளானை மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி கீழிருந்து மேலே பார்த்தார்.

"இதுல நான் எங்க?" என்று கேட்டார்.

"நீ எங்களோடதானேக்கா. ஆறு மாசம் அண்ணன்கிட்ட, ஆறு மாசம் எங்கிட்ட" என்றார் மணி. அன்போடுதான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தனம் பிளானை என் பக்கம் தள்ளினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டிராஃப்ட்ஸ்மன் அம்மா, அங்கயும் இங்கயும் தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு கட்டில் வரைஞ்சுடுங்க. அது போதும் எனக்கு."

யாரு இருக்கப்போறாங்க?

சலுகையில் ஒரு நிபந்தனை இருந்தது. விட்டுவைக்கும் முன்பகுதியில் ஆள் குடியிருக்க வேண்டும். ராவ் காரு இதை முதலிலேயே சொல்லியிருந்தார். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று சண்முகம் இருந்துவிட்டார். கௌஸ் சாஹிப் வந்து பார்த்தார். நானும் பிளானோடு போயிருந்தேன்.

"ஸ்டோரா? சாமானுக்கெல்லாம் மாடி தர மாட்டாங்க சார். இதுல யாரு இருக்கப்போறாங்க?"

சண்முகம் தம்பியைப் பார்த்தார். தம்பி தன் மனைவியைப் பார்த்தார். "தெருப் புழுதி எனக்கு ஆகாது" என்றாள் அவள். "அந்த உயரத்துக்கு ஃபேன் காத்தே கீழ வராது" என்றாள் மூத்தவரின் மனைவி. ஆள் இல்லையென்றால் மாடி இல்லை. மாடி இல்லையென்றால் வாடகைக்கு விட ஃபிளாட் இல்லை. எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது.

காபி கொண்டுவந்த தனம் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கௌஸ் சாஹிப்பிடம் அவர் உருதுவிலேயே 'ஆமாம்' என்று ஆரம்பித்தார்.

"ஹவ் பாய், நான் இருக்கேன். ஆனா சும்மா இருக்க மாட்டேன். இந்த ரூமை என் பேருக்கு எழுதித் தரணும். பின்னாடி ஒரு குளியலறையும் வேணும்."

அவர் அத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கௌஸ் சாஹிப் காபியை எடுத்துக்கொண்டு, வண்ணக் கண்ணாடியை ஆராய்வதுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"வெளியாள் முன்னாடி என்ன பேச்சு இது, தனம்?" என்றார் சண்முகம்.

"வெளியாள் போனப்பறம் நீங்க கேக்க மாட்டீங்களே அண்ணே."

பத்திரம்

பத்திரம் எழுதினார்கள். முகம் சுளித்தபடிதான், ஆனால் எழுதினார்கள். குளியலறையோடு சமையலுக்கும் ஒரு மூலை சேர்த்து வரையச் சொன்ன ராவ் காரு, அதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை. முன்னறைக்கு என்ன பெயர் போடுவது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது:

"பெயர் எதுக்கும்மா? ரூம்னு போடுங்க. அது தன்னோடதுன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா சரி."

அந்தச் சலுகையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஒரு வளைவையும் சில கண்ணாடிகளையும் காப்பாற்ற நினைத்திருப்பார், அவ்வளவுதான். எங்கிருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

அண்ணனும் தம்பியும் பிற்பாடு பிள்ளைகளோடு ஊரின் மறுகோடியில் கச்சிபௌலிப் பக்கம் குடிபோய்விட்டார்கள். பின்னால் இருக்கிற நான்கு ஃபிளாட்டுகளுக்கும் யாரைக் குடிவைக்கலாம், யாரை வேண்டாம் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்தவர், கடைசி மூச்சுவரை, முன்னறைத் தனம்தான்.